வேலுமணி பார்த்த மூல வைத்தியம்

வேலுமணிக்குப் புல்டோசர் ஓட்டத் தெரியும், வீட்டுக்கு வெள்ளையடிக்கத் தெரியும், ரேஷன் கடையில் சண்டை போடத் தெரியும். இந்த மூன்றோடு மனிதர் நின்றிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டிய வேலையே இருந்திருக்காது. நாலாவதாக, மூலத்துக்கு வைத்தியமும் தெரியும் என்று நம்பினார். அவர் மட்டும் நம்பியிருந்தாலாவது போகிறது என்று விடலாம். சுரங்கத்தில் இன்னும் பத்துப் பேரை நம்ப வைத்தார்.

தாராபுரத்துப் பக்கமிருந்து அவர் நெய்வேலிக்கு வந்தது எண்பத்தெட்டில். வந்த நாளிலிருந்து புல்டோசர்தான். பழைய மிஷின்களில் ஏறி உட்கார்ந்தால் கீழே எஞ்சின் சூடு, மேலே வெயில் சூடு, நடுவில் வேலுமணி. ஷிஃப்ட் முடிந்து இறங்கும்போது பல் வரிசையெல்லாம் அதனதன் இடத்தில்தான் இருக்கிறதா என்று நாக்கால் தடவிப் பார்த்துக்கொள்வார். அந்த ஆட்டம் ஆடும்.

தொண்ணூற்றைந்தில் ஒரு நாள் காலை, கக்கூஸில் குனிந்து பார்த்தால் ரத்தம். நல்ல சிவப்பு ரத்தம். குவார்ட்டர்ஸிலிருந்து டவுன்ஷிப் ஆஸ்பத்திரி நடந்து போகிற தூரம். பெர்மனன்ட் ஊழியருக்கு வைத்தியம் இலவசம். அறிவுள்ளவன் என்ன செய்வான்? நேராக அங்கே போவான். நம்ம ஆள் நேராக டூட்டிக்குப் போனார். போய், மிஷினின் லாக் புத்தகத்தில் முத்து முத்தான கையெழுத்தில் எழுதினார்: 'ஆபரேட்டர் சீட் மிகவும் கடினமாக உள்ளது. உடனே மாற்றித் தரவும்.'

தன் உடம்பில் ரத்தம் போனதற்கு மிஷினுக்கு வைத்தியம் பார்க்கச் சொன்ன முதல் ஆள் தான்தான் என்று வேலுமணி நினைத்திருந்தார். புத்தகத்தைப் பின்னால் புரட்டிப் பார்த்தபோதுதான், வெவ்வேறு கையெழுத்துகளில் அதே வரி ஏழெட்டு இடத்தில் இருப்பது தெரிந்தது. அன்றைக்கு அவருக்கு ஏற்பட்ட ஆறுதல் கொஞ்சநஞ்சமல்ல. 'அடேயப்பா, அப்ப சீட்டுதான்' என்று முடிவு கட்டிவிட்டார். பத்தொன்பது வருஷம் அந்த முடிவு அசையவே இல்லை.

மெயின்டனன்ஸ் ஃபோர்மேன் செங்குட்டுவன் மூன்று முறை சீட்டை மாற்றிக் கொடுத்தார். மூன்றாவது முறை, "ஏன் வேலு, இதுக்கு மேல போனா மெத்தையும் தலகாணியும் கேட்டுத்தான் ஸ்டோருக்கு இண்டென்ட் போடணும்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். வேலுமணி சிரித்து மழுப்பினார். மறுநாள் ஒரு ஸ்கூட்டர் ட்யூபில் காற்றடித்து, துண்டைச் சுற்றித் தைத்து, சீட்டின் மேல் போட்டு உட்கார்ந்தார்.

ஒரு மாதத்துக்குள் இன்னும் நாலு பேர் கக்கத்தில் ட்யூபோடு ஷிஃப்ட் பஸ்ஸில் ஏறினார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. ட்யூப் வைத்திருந்தால் போதும், நம்ம ஆள் என்று அர்த்தம். வேலுமணிதான் முதல் ட்யூப் என்பதால் மரியாதையும் அவருக்கே வந்தது. கேன்டீனில் டீ கிளாஸோடு ஒருவன் பக்கத்தில் வந்து தொண்டையைச் செருமினால் அவருக்கு விஷயம் புரிந்துவிடும். குரலைத் தாழ்த்தி, துத்தி இலை, சின்ன வெங்காயம், மோர், கருணைக்கிழங்கு, கோழி கூடாது, பலாப்பழம் தொடவே கூடாது என்று ஒப்பிப்பார். பண்ருட்டிக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு பலாப்பழம் தொடாதே என்று சொல்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும். கேட்டவர்களும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். அவரோ சீசனுக்குச் சீசன் சுளை சுளையாக விழுங்கிக்கொண்டுதான் இருந்தார். வைத்தியருக்குப் பத்தியம் கிடையாதல்லவா.

இந்தப் பத்தொன்பது வருஷத்தில் அவர் ஒரு டாக்டரிடமும் காட்டவில்லை. தனக்கு இருப்பது மூலம் என்று அவருக்குச் சொன்னது யார்? அவரேதான்.

இரண்டாயிரத்துப் பதினான்கு மாசிக் கடைசியில் கலியன் வந்து பக்கத்தில் நின்றார்.

கலியன் கான்ட்ராக்ட் தொழிலாளி, முத்தாண்டிக்குப்பத்துக்காரர், வயது நாற்பத்தாறு. கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற மண்ணையும் கரியையும் மண்வாரியால் அள்ளித் திரும்பப் பெல்ட்டில் போடுவது வேலை. எட்டு மணி நேரமும் நின்றபடி. வேலுமணியின் மிஷின் ஓடுகிற பக்கம்தான் அவருக்கும் வேலை என்பதால் பத்து வருஷப் பழக்கம். வீட்டிலிருந்து முந்திரிக்கொட்டை சுட்டுக் கொண்டுவந்து கொடுப்பார். வேலுமணி சொன்னால் அதற்கு மறுபேச்சுப் பேசமாட்டார்.

"அண்ணா, காலைல போனா ரத்தம் போவுதுண்ணா" என்றார் கலியன்.

வேலுமணி சிரித்துவிட்டார். சத்தியமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பிற்பாடு எத்தனை முறை நினைத்து நொந்திருக்கிறார் என்பதற்குக் கணக்கில்லை.

"ஏன் கலியா, உனக்கு எப்படி வரும்? அது சீட்ல உக்கார்றவனுக்கு வர்றது. நீ நின்னுட்டுதானே வேலை செய்யற?"

"அதாண்ணா எனக்கும் தெரியல. ரெண்டு மாசமா போவுது. கருஞ்செவப்பா, கலந்துகினு போவுது. போய்ட்டு வந்தாலும் இன்னும் இருக்கற மாரியே இருக்குது. திரும்பத் திரும்பப் போறேன்."

பத்தொன்பது வருஷமாக உட்காருவதுதான் காரணம் என்று சாதித்தவர், நிற்கிற ஒருவனுக்கு வந்ததும் என்ன செய்திருக்க வேண்டும்? 'எனக்குத் தெரியலப்பா, டாக்டர்கிட்ட காட்டு' என்றிருக்க வேண்டும். நாலு வார்த்தை இருக்குமா? அது வரவில்லை வாயில். வைத்தியர் பட்டம் தடுத்தது. ஒரு வாய் டீ குடிப்பதற்குள் புதுச் சித்தாந்தம் கண்டுபிடித்தார்.

"நின்னுக்கிட்டே இருக்கறதால ரத்தம் பூரா கீழ இறங்கிடுது. அதான். கூடவே பெல்ட்டு சூடு. துத்தி இலையை அரைச்சு மோர்ல கலந்து வெறும் வயித்துல குடி. நடுநடுவுல கொஞ்சம் உக்காரு."

"உக்காந்தா சூப்பர்வைசர் திட்றாருண்ணா."

"அப்ப இலையைக் கூடக் கொஞ்சம் போடு" என்றார் வைத்தியர்.

கலியன் போட்டார். மாதாமாதம் வந்து சொல்லவும் செய்தார். ரத்தம் நிற்கவில்லை என்றார். சோறு இறங்கவில்லை என்றார். ஐப்பசியில் பேன்ட்டைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். "எளச்சிக்கினே போறேண்ணா" என்றபோது, "கோழியை நிறுத்தினா அப்படித்தான், நல்லதுதான்" என்று வேலுமணி தைரியம் சொன்னார். தைரியம் சொல்ல என்ன செலவு.

அந்த ஐப்பசியில்தான் வேலுமணியின் குட்டும் உடைந்தது. புஷ்பவல்லி, அவர் மனைவி, துவைப்பதற்காக ட்யூபின் துண்டுறையைப் பிரித்தார். அது வேலுமணி தானே துவைத்துக்கொள்கிற சாமான். அன்றைக்கு மறந்துவிட்டார். உறையில் கறை. ஒன்றிரண்டு அல்ல.

"இது என்னங்க?"

"கிரீஸ்."

"கிரீஸ் எந்த ஊர்ல செவப்பா இருக்கு?"

வேலுமணி திருதிருவென்று விழித்தார். பொய் சொல்வதற்கு அவருக்கு எப்போதுமே இரண்டாவது வரி கிடைக்காது. உண்மையைச் சொன்னார். எத்தனை நாளாக என்று புஷ்பவல்லி கேட்டார்.

"நாள் இல்ல. வருஷம். பத்தொன்பது."

புஷ்பவல்லி அப்படியே சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு பிள்ளைங்களப் பெத்தப்ப என்னை எத்தனை டாக்டர் பாத்திருப்பாங்க, எத்தனை பேர் முன்னாடி படுத்திருப்பேன்" என்றார் கடைசியில். "உங்களுக்கு மட்டும் அப்படி என்ன ரகசியம் அங்க வெச்சிருக்கீங்க?" மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சர்ஜன் அறைக் கதவில் 'டாக்டர் எழில்மதி' என்றிருந்தது. வேலுமணி எழுந்தார். புஷ்பவல்லி சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"லேடி டாக்டர்டீ."

"தெரியுது. எனக்கும் படிக்கத் தெரியும்."

அந்தப் பெண்ணுக்கு அவர் மகள் தேவயானியைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். நிமிர்ந்து பார்த்து, என்ன தொந்தரவு என்று கேட்டார். "மூலம்" என்றார் வேலுமணி. யார் சொன்னார்கள் என்று கேட்டார். புஷ்பவல்லிதான், "இவரேதான் சொல்லிக்கிட்டாரு" என்றார்.

டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார். ரத்தம் எப்படி வருது, சொட்டுச் சொட்டா தனியா வருதா, மலத்தோட கலந்து வருதா? தனியா, நல்ல சிவப்பு. போய்ட்டு வந்த பிறகும் பாக்கி இருக்கற மாதிரி இருக்கா, திரும்பத் திரும்பப் போகணும்னு தோணுதா? இல்லை. மலம் போற பழக்கம் கொஞ்ச மாசமா மாறியிருக்கா? இல்லை. பசி குறைஞ்சிருக்கா? இல்லவே இல்லை என்று புஷ்பவல்லி முந்திக்கொண்டார். உடம்பு இளைச்சிருக்கா?

வேலுமணி தன் தொந்தியைப் பார்த்துக்கொண்டு, இல்லை என்றார். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. அவர் ஒவ்வொன்றுக்கும் இல்லை இல்லை என்று தலையாட்டிக்கொண்டிருக்க, உள்ளுக்குள் வேறொரு குரல் ஒவ்வொன்றுக்கும் ஆமாண்ணா, ஆமாண்ணா என்று சொல்லிக்கொண்டிருந்தது. கருஞ்செவப்பா கலந்துகினு போவுது. இன்னும் இருக்கற மாரியே இருக்குது. எளச்சிக்கினே போறேண்ணா. அது கலியன் குரல்.

"இதெல்லாம் இருந்தா என்ன டாக்டர்?"

"முதல்ல படுங்க. பாத்துட்டுப் பேசலாம்."

இடது பக்கமாகத் திரும்பி, முழங்காலை மடக்கி வயிற்றோடு வைத்துப் படுக்கச் சொன்னார்கள். பத்தொன்பது வருஷம் எதற்குப் பயந்து நடுங்கினாரோ, அது உறை போட்ட ஒரு விரல். அப்புறம் சின்னதாக ஒரு குழாயும் லைட்டும். மூச்சை இழுத்து விடுங்க என்றார்கள், விட்டார். முடிஞ்சது, எழுந்திருங்க என்றார்கள். சுவரில் கடிகாரம் இருந்தது. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. இதற்காகவா என்று வேலுமணிக்குத் தன் மேலேயே காறித் துப்பலாம் போல இருந்தது.

"மூலம்தான்" என்றார் டாக்டர். "அந்த இடத்துல ரத்தக்குழாய் எல்லாருக்கும்தான் இருக்கு. மலம் இறுகி, முக்கி முக்கிப் போனா அது வீங்கி ரத்தம் கசியும். கக்கூஸ்ல எவ்வளவு நேரம் உக்காருவீங்க?"

"பேப்பர் படிச்சு முடிக்கிற வரைக்கும்" என்றார் புஷ்பவல்லி.

"பேப்பரை வெளியில படிங்க. காய்கறி, கீரை, பழம், தண்ணி நிறைய. உங்களுக்கு ரொம்ப நாள் விட்டதால மருந்து மட்டும் போதாது, வீங்கின இடத்துல ரப்பர் வளையம் போட்டுச் சுருங்க வைக்கணும். உங்க வயசுக்கு, குடலுக்குள்ள கேமரா விட்டும் ஒருமுறை பாத்துடலாம். ரத்தமும் டெஸ்ட்டுக்குக் குடுத்துட்டுப் போங்க."

"அந்த மிஷின் சீட்டு..."

"சீட்டுக்கும் ரத்தத்துக்கும் நீங்க நினைக்கிற அளவுக்கு சம்பந்தம் இல்லை. ரத்தம் வந்தாலே மூலம்னு நாமளே பேர் வெச்சுடக் கூடாது. குடல்ல கட்டி இருந்தாலும் ரத்தம்தான் வரும். வெளியில இருந்து பாக்கறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் தெரியும். உள்ள பாத்தாத்தான் தெரியும்."

வேலுமணி பெல்ட்டைப் போட்டுக்கொண்டே கேட்டார். "டாக்டர், நீங்க கேட்டதெல்லாம், அந்தக் கலந்து வர்றது, இளைக்கறது, எல்லாம் ஒருத்தருக்கு இருந்தா? எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "தெரிஞ்ச ஒருத்தர்னு சொல்றவங்க பாதிப் பேர் அவங்களைத்தான் சொல்லுவாங்க. உங்களுக்குத்தானா?"

"என் பொண்டாட்டி மேல சத்தியமா இல்லைங்க. கலியன்னு ஒருத்தர். பத்து மாசமா இருக்கு."

"பத்து மாசமா? யார்கிட்ட காட்டினார்?"

"எங்கிட்ட" என்றார் வேலுமணி.

அவர் ரத்த டெஸ்ட்டுக்குக் கையை நீட்டிவிட்டு, ரிசல்ட்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை, அப்புறம் போய் வாங்கவும் இல்லை. டி.வி.எஸ்ஸை எடுத்துக்கொண்டு முத்தாண்டிக்குப்பத்துக்குப் போனார். புஷ்பவல்லி நானும் வருவேன் என்று பின்னால் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் அவர் திட்டியிருந்தால் தேவலாம் என்று வேலுமணிக்கு இருந்தது.

கலியனுக்கு அன்றைக்கு செகண்ட் ஷிஃப்ட். வீட்டு முன்னால் முந்திரி மரத்தடியில் கட்டிலில் படுத்திருந்தார். அவர் மனைவி வீராயி கொல்லையில் களை எடுக்கிற வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் கலியன் எழுந்து உட்கார்ந்தார். எழுவதற்குக் கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்தார். பத்து வருஷமாகத் தினம் பார்த்த ஆள்தான். அன்றைக்குத்தான் வேலுமணி அவரைப் பார்த்தார்.

"கலியா, கிளம்பு. டாக்டர்கிட்ட போலாம்."

"எதுக்குண்ணா? மூலத்துக்கு எதுக்கு டாக்டரு? நீங்கதான சொன்னீங்க, கத்தி வெச்சிட்டா ஆயுசுக்கும் தொந்தரவுன்னு."

அதையும் சொல்லியிருக்கிறார். அவருக்கே ஞாபகம் இல்லை.

"கத்தி இல்ல. சும்மா பாப்பாங்க."

"அந்த எடத்தையா? வேணாம்ண்ணா. மானம் போயிடும். நாலு நாள் கயிச்சி சரியாப் பூடும். எலையக் கூட நேத்திக்குத்தான் வீராயி புச்சாப் பறிச்சியாந்தா."

"கலியா, நான் சொல்றதக் கேளு."

"நீங்க சொல்றதத்தாண்ணா கேட்டுக்கினு இருக்கேன்."

வேலுமணி மண்ணில் உட்கார்ந்தார். தன் சொல்லையே தான் எதிர்த்து வாதாடுகிற நிலைமை எந்த வைத்தியனுக்கும் வரக் கூடாது. கலியனின் நம்பிக்கை கடுகளவும் குறையவில்லை. அதை உடைக்கிற வேலையும் இவருடையதாகத்தான் இருந்தது.

"எனக்கு ஒரு எழவும் தெரியாது கலியா" என்றார். "பத்தொன்பது வருஷமா எனக்கும் போவுது. ஒரு டாக்டர்கிட்டயும் போனதில்ல. வெக்கம். யார் யாரோ சொன்னதைச் சேத்து வெச்சுக்கிட்டு உங்களுக்கெல்லாம் சொன்னேன். துத்தி இலையை நானே ஒழுங்காக் குடிச்சதில்ல, கசக்கும். இன்னிக்குக் காலையிலதான் முதல்முதலாக் காட்டினேன். அதுவும் இவ இழுத்துட்டுப் போனா. பொம்பள டாக்டர். விரல் விட்டுப் பாத்தாங்க. வலிக்கல. மானமும் போகல, அங்கேயேதான் இருந்துது. எனக்கு மூலம்தான். உனக்கு என்னன்னு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாதுடா."

கலியன் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. வீராயியைப் பார்த்தார். வீராயி கையிலிருந்த களைக்கொத்தைச் சுவரோரம் வைத்துவிட்டு, உள்ளே போய்ச் சட்டை எடுத்துவந்து அவரிடம் நீட்டினார்.

டாக்டர் எழில்மதி கலியனைப் பார்க்க அதே இரண்டு நிமிஷம்தான் ஆயிற்று. ஆனால் அந்த இரண்டு நிமிஷத்துக்குப் பிறகு அவர் பேசிய குரல் வேறு. விரலுக்கே ஏதோ தட்டுப்படுவதாகச் சொன்னார். அன்றைக்கே கடிதம் எழுதிப் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். வேலுமணி லீவு போட்டுவிட்டுக் கூடவே அலைந்தார். கேமரா, சதை டெஸ்ட், ஸ்கேன். இடையில் அவருக்கும் கேமரா விட்டுப் பார்த்து உள்ளே சுத்தமாக இருக்கிறது என்று சொன்னார்கள். அந்தச் செய்தியை அவரால் யாரிடமும் சந்தோஷமாகச் சொல்ல முடியவில்லை.

மூன்றாவது வாரம் பாண்டிச்சேரியில் பெரிய சர்ஜன் கலியன், வீராயி, வேலுமணி மூன்று பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். மலக்குடலில் கட்டி. புற்றுநோய்தான். ஆனால் வேறு எங்கும் பரவியதாகத் தெரியவில்லை. ஆபரேஷன் செய்யலாம், நம்பிக்கை இருக்கிறது. பிறகு வேலுமணியைப் பார்த்து, "நீங்கதான் கூட்டிட்டு வந்தீங்களாமே. நல்ல காரியம் பண்ணியிருக்கீங்க. இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தா கஷ்டம்" என்றார்.

கலியன், "ஆமா சார், அண்ணன்தான். அண்ணன் இல்லன்னா நான் வந்தே இருக்கமாட்டேன்" என்றார்.

பேசாமல் இருந்திருக்கலாம். பாராட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கலாம். வேலுமணி அதற்கு முன்னால் வாங்கிய மரியாதையெல்லாம் அப்படி வாங்கியதுதான். "இல்லைங்க சார்" என்றார். "எட்டு மாசத்துக்கு முன்னாடியே எங்கிட்ட சொன்னாரு. மூலம்னு சொல்லி இலை குடிக்க வெச்சது நான்தான். அப்பவே வந்திருந்தா?"

சர்ஜன் ஸ்கேன் படத்தை இன்னொரு முறை பார்த்தார். "சின்னதா இருந்திருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

வெளியே வராந்தாவில் கலியன் பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். வீராயி வேலுமணிக்கு எதிரில் வந்து நின்றார். சத்தம் போடவில்லை.

"அந்த எலைய தெனம் அரைச்சிக் குடுத்தவ நான்தாங்க. நானும்தான் நம்புனேன். ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நான் மூணு வாட்டி சொன்னேன், டாக்டராண்ட போலாம் வான்னு. பொட்டச்சி, உனுக்கு இன்னா தெரியும்னாரு. நீங்க ஒரு வாட்டி சொல்லியிருந்தா போயிருப்பாரு. நீங்க சொன்னாக் கேக்கறவருங்க அவரு."

வேலுமணிக்கு அழுகை வந்தது. வராந்தாவில் எல்லோரும் பார்க்க அழுதார். வீராயி முந்தானையால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாலு பேரு ரத்தம் குடுக்கணுமாம். அதப் பாருங்க" என்றார்.

பாவத்தைத் தொலைக்க வழி கிடைத்தவர் மாதிரி வேலுமணி ரத்த வங்கிக்கு ஓடினார். சட்டைக் கையைத் தோள் வரைக்கும் மடித்து விட்டுக்கொண்டு, "எவ்வளவு வேணுமோ எடுத்துக்கங்க" என்றார். நர்ஸ் விரலில் ஒரு குத்துக் குத்தி மிஷினில் வைத்துப் பார்த்தார். இன்னொரு விரலில் குத்தினார்.

"அய்யா, உங்களுக்கு ஹீமோகுளோபின் ஒன்பதரைதான் இருக்கு. பன்னிரண்டரையாவது வேணும். உங்ககிட்ட எடுத்தா அப்புறம் உங்களுக்கு ஒருத்தர் குடுக்கணும். எங்கயாவது ரத்தம் போகுதா?"

பத்தொன்பது வருஷமாகக் கக்கூஸில் ஊற்றிவிட்டு, ஒருவனுக்குக் கொடுக்க வேண்டிய நாளில் காலிப் பாத்திரத்தோடு வந்து நிற்கிறோம் என்று வேலுமணிக்குப் புரிந்தது. மடித்த கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

மறுநாள் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். சுரங்கத்தில் இறங்குவதற்கு முன்னால் எல்லோரும் கூடுகிற ரெஸ்ட் ஷெட்டில் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். ஆபரேட்டர்கள், ஹெல்ப்பர்கள், கான்ட்ராக்ட் ஆட்கள், மெயின்டனன்ஸ் செங்குட்டுவன். வேலுமணி நடுவில் போய் நின்றார்.

"கலியனுக்கு வெள்ளிக்கிழமை ஆபரேஷன். குடல்ல கேன்சர். நாலு பேர் ரத்தம் குடுக்கணும். யாரெல்லாம் குடுக்கறீங்க?"

கேன்சர் என்றதும் டீ கிளாஸ்கள் பெஞ்சில் இறங்கின. அப்புறம் கைகள் எழுந்தன. ஒன்று, இரண்டு என்றில்லை. அநேகமாக எல்லாக் கையும். கலியனைப் பிடிக்காதவர்கள் அங்கே யாரும் இல்லை. வேலுமணியும் தன் கையைத் தூக்கியிருந்தார்.

"நல்லது. இப்ப ஒண்ணு சொல்றேன். காலையில கக்கூஸ் போனா ரத்தம் போறவங்க இதுல குடுக்க முடியாது. நேத்து என்னைத் திருப்பி அனுப்பிட்டாங்க. எனக்கு உடம்புல ரத்தம் இல்ல. பத்தொன்பது வருஷமாப் போயிட்டு இருக்கு." தன் கையை எல்லோரும் பார்க்க இறக்கினார். "அந்த மாதிரி இருக்கறவங்க கையை இறக்கிடுங்க."

யாரும் அசையவில்லை. எவனாவது சிரித்திருந்தால் அத்தோடு போயிருக்கும். யாரும் சிரிக்கவில்லை. முதலில் ராஜாங்கம் இறக்கினார். அவர் ட்யூப் ஆள், எதிர்பார்த்ததுதான். பிறகு மற்ற ட்யூப்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொருவராக இறக்கினார்கள். அதோடு நிற்கும் என்று வேலுமணி நினைத்தார். நிற்கவில்லை. மிஷினில் ஏறியே அறியாத ஒரு ஹெல்ப்பர் இறக்கினார். கலியனோடு மண் அள்ளுகிற சிங்காரவேல் இறக்கினார், அவர் பின்னாலேயே இன்னும் நாலைந்து பேர். கடைசியாக, மூன்று முறை சீட் மாற்றிக் கொடுத்துக் கேலி பேசிய செங்குட்டுவன், யாரையும் பார்க்காமல் கையை இறக்கிச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டார்.

மேலே ஏழு கை மிச்சம் இருந்தது.

"தூக்கினவங்கள்ல நாலு பேர் நாளைக்கு என்னோட பாண்டிச்சேரிக்கு. இறக்கினவங்க இன்னிக்கு ஷிஃப்ட் முடிஞ்சதும் ஆஸ்பத்திரிக்கு, எழில்மதி டாக்டரம்மாகிட்ட. கான்ட்ராக்ட் ஆளுங்களும்தான், நான் கூட வர்றேன்."

செங்குட்டுவன் கிட்டே வந்தார். "வேலு, எனக்கு அதெல்லாம் இல்லப்பா. எனக்கு வெறும் மூலம்தான். எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரியாது" என்றார் வேலுமணி. "எனக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்னு நெனச்சுத்தான் கலியன் எட்டு மாசம் காத்துட்டு இருந்தாரு."

செங்குட்டுவன் சட்டைப் பையிலிருந்து கையை எடுத்தார். அந்த டாக்டரம்மா சாயங்காலம் எத்தனை மணி வரைக்கும் இருப்பார்கள் என்று கேட்டார்.